ஹம்பி முதல் பாதாமி வரை தனியாகப் போய் வந்த கணக்கு

வட கர்நாடகத்தின் ஹம்பி, பாதாமி, பட்டதக்கல், ஐஹொளெ ஆகிய ஊர்களுக்குக் கடந்த ஆடி மாதம் தனியாகப் போய் வந்தேன். கிளம்புவதற்கு முன் தமிழில் எனக்குப் படிக்கக் கிடைத்தவை அனைத்தும் கோயில்களைப் பற்றியே இருந்தன. எந்த மண்டபத்தை எந்த மன்னன் எப்போது கட்டினான், எந்தச் சிற்பத்தை எந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவற்றில் நிறைவாகவே இருந்தன. ஆனால் இந்தப் பயணத்தில் நான் இழந்த பணத்தில் பெரும்பகுதியும், பட்ட பயம் முழுவதும், ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவில் நேர்ந்தவை. வீடு திரும்பிக் கணக்கு எழுதிப் பார்த்தபோது, நியாயமான செலவுகள் போக, எந்தப் பயனும் இல்லாமல் கைவிட்டுப் போனது மட்டும் 14,850 ரூபாய். அது எங்கெங்கே போயிற்று என்பதை வரிசையாகச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டிய, கன்னடம் தெரியாத, தனியாகப் பயணம் செய்த ஒரு பெண்ணின் கணக்கு இது; குடும்பத்தோடு சொந்தக் காரில் போகிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாமல் போகலாம்.

முதல் அடி ஹோஸ்பேட் ரயில் நிலையத்தின் வாசலிலேயே விழுந்தது. திருச்சியிலிருந்து பெங்களூர் வந்து, அங்கிருந்து இரவு புறப்படும் ஹம்பி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் ஹோஸ்பேட்டில் இறங்கிவிடலாம். அதுவரை எந்தச் சிக்கலும் இல்லை. ஹோஸ்பேட்டில் கார் காத்திருக்கும், ஹம்பியைச் சுற்றிக் காட்டிப் பாதாமி வரை கொண்டுபோய் விடும் என்று ஒரு சுற்றுலா முகவர் உறுதி சொல்லியிருந்ததால், அவரிடம் 8,500 ரூபாய் முன்பணம் செலுத்தியிருந்தேன். காலையில் இறங்கிப் பார்த்தால் கார் இல்லை. முகவரின் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. முந்தின நாள் அவர் அனுப்பியிருந்த ஓட்டுநரின் எண்ணை அழைத்தபோது, தமக்கு அவர் பைசா அனுப்பவில்லை என்றும், அதனால் வேறு சவாரிக்கு வந்துவிட்டதாகவும் அந்த மனிதர் உடைந்த தமிழில் பொறுமையாகவே சொன்னார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. பெட்டியை வைத்துக்கொண்டு அந்த வாசலில் நின்றபோது ஊருக்கே திரும்பிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஒரு டீ குடித்து முடிக்கும்வரை அந்த எண்ணம் மாறவில்லை.

இப்போது யாராவது என்னைக் கேட்டால், இந்தப் பகுதிக்கு நம் ஊரிலிருந்து கார் ஏற்பாடு செய்துகொண்டு போவதே தேவையில்லை என்பேன். ஹோஸ்பேட் பேருந்து நிலையத்திலிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர்; நாள் முழுதும் அரசுப் பேருந்துகள் ஓடுகின்றன. ஹம்பிக்குள் சுற்றுவதற்கு ஆட்டோ ஒன்றை ஒரு நாளுக்குப் பேசிக்கொள்ளலாம். கார்தான் வேண்டுமென்றால், வண்டியின் உரிமையாளரோடு நேரடியாகப் பேச வேண்டும். வண்டி எண்ணை வாங்கிவைத்து, முன்பணத்தை ஓட்டுநரின் பெயருக்கே, அதுவும் சிறு தொகையாகச் செலுத்த வேண்டும். முந்தின நாள் மாலை ஓட்டுநரை நாமே அழைத்து, எத்தனை மணிக்கு, எந்த வாசலில், மொத்தம் எவ்வளவு என்ற மூன்றையும் அவர் வாயால் சொல்லக் கேட்டுவிட வேண்டும். நடுவில் இருக்கும் முகவர் சொல்வது ஓட்டுநருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்பதை அறிய எனக்குத் தெரிந்து வேறு வழியில்லை.

நான் போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை. கமலாபுரத்தில் உள்ள தொல்லியல் துறை அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை அங்கே போன பிறகே அறிந்தேன். இதனால் பணம் பெரிதாகப் போகவில்லை என்றாலும், இழப்பு இழப்புதான். அந்த அருங்காட்சியகத்தில் ஹம்பி முழுவதையும் மலையும் ஆறுமாகச் சிறிய அளவில் செய்து வைத்திருக்கிறார்கள். அதை முதலில் பார்த்துவிட்டால், எது ஆற்றோரம், எது அரண்மனைப் பகுதி, எங்கிருந்து எங்கே நடக்கலாம் என்பது மனத்தில் பதிந்துவிடும். நான் அதைக் கடைசியில் பார்த்ததால், வீணாக நடந்த தூரமெல்லாம் அங்கே நின்றபோதுதான் விளங்கியது. 1336இல் தொடங்கி 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் பாழ்பட்ட விஜயநகரப் பேரரசின் தலைநகரம் பாறைகளுக்கு நடுவே பல கிலோமீட்டர்களுக்குச் சிதறிக் கிடக்கிறது. ஒரே மூச்சில் பார்த்துவிடும் ஊர் அல்ல அது. கிருஷ்ணர் கோயிலின் கருவறையில் விக்கிரகம் இல்லாததைப் பார்த்தபோது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. உதயகிரியை வென்று கிருஷ்ணதேவராயர் கொண்டுவந்த அந்தப் பாலகிருஷ்ணன் இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் அவரைப் பார்த்துவிட்டே வரலாம். எழும்பூரிலும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை.

நுழைவுச்சீட்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விட்டலர் கோயிலுக்கு வாங்கும் 40 ரூபாய்ச் சீட்டு, தாமரை மகாலும் யானைக் கொட்டிலும் உள்ள அந்தப்புரப் பகுதிக்கும் செல்லும். ஆனால் அந்த ஒரு நாளுக்கு மட்டும். விட்டலர் கோயிலை மாலையிலும் அந்தப்புரத்தை மறுநாள் காலையிலும் பார்க்கிறவர் இருமுறை வாங்க வேண்டியிருக்கும். 40 ரூபாய் பெரிதல்ல என்றாலும், இரண்டாம் முறை வரிசையில் நிற்கும் வெயில் பெரிது.

விட்டலர் கோயிலுக்குச் சற்றுத் தொலைவிலேயே வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். அங்கிருந்து பேட்டரி வண்டியில் போகலாம், அல்லது நடக்கலாம். 50 ரூபாய் நோட்டில் உள்ள கல் தேர் இங்கேதான் இருக்கிறது. அதன் முன்னால் நிற்கும் யானைகளை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். யானைகளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தால், முதலில் அங்கே செதுக்கப்பட்டிருந்த குதிரைகளின் பின்னங்கால்களும் வாலும் இன்னும் தெரிகின்றன. யானைகள் பிற்காலத்தில் அங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டவை. இதை எனக்குக் காட்டியது வழிகாட்டி அல்ல, அங்கே காவல் பணியிலிருந்த ஓர் அம்மா. 600 ரூபாய் வாங்கிக்கொண்ட வழிகாட்டி காட்டியது வேறொன்று. இசைத் தூண்களைத் தட்டி ஸ்வரம் கேட்கச் செய்கிறேன் என்று சொல்லித்தான் அவர் என்னை அழைத்துப் போனார். தூண்கள் தேய்ந்து சேதமாவதால் அவற்றைத் தட்டுவதற்குத் தடை இருக்கிறது. அந்த மண்டபத்துக்குள் யாரையும் விடுவதில்லை. தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, தம் கைபேசியில் யாரோ எப்போதோ பதிவு செய்திருந்த ஒலியைப் போட்டுக் காட்டிவிட்டு, இதுதான் அந்த இசை என்று முடித்துக்கொண்டார். சிரிப்பதா சண்டை போடுவதா என்று தெரியாமல் பேசாமல் வந்துவிட்டேன். அரசு அங்கீகாரம் பெற்ற வழிகாட்டிகளிடம் அடையாள அட்டை இருக்கும். அதை முதலில் பார்த்துவிட்டு, எத்தனை மணி நேரம், எந்தெந்த இடங்கள் என்று பேசிக்கொள்வது நல்லது. மூடிய இடத்துக்குள் கூட்டிப்போகிறேன் என்று யார் சொன்னாலும், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அன்று மாலை விட்டலர் கோயிலிலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கியபோது, புரந்தரதாசர் மண்டபத்தின் தூண்களுக்கு நடுவே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தரை தெரியவில்லை, தூண்களின் மேல் பாதியும் கூரையும் மட்டும் வெளியே இருந்தன. மேகமே இல்லாத வானம், மஞ்சள் வெயில், தண்ணீருக்குள் நிற்கும் கல் மண்டபம். நானும் மற்றவர்களைப் போல் நின்று படம் எடுத்துக்கொண்டேன். அது உள்ளூர்க்காரர்களுக்கு ஓர் அளவுகோல் என்பதை அப்போது யாரும் சொல்லவில்லை. துங்கையும் பத்திரையும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, சிவமொக்கா மாவட்டத்துக் கூடலியில் சேர்ந்து துங்கபத்திரையாகி, ஹோஸ்பேட்டுக்கு அருகே அணையில் தேங்குகின்றன. நம் ஊரில் ஆடிப்பெருக்குக்குக் காவிரி பெருகுவதற்குக் காரணமான அதே தென்மேற்குப் பருவமழைதான் இங்கும் காரணம். ஹம்பியில் ஒரு துளி மழை பெய்யாமல் இருக்கும். மலநாடு எனப்படும் அந்த மலைப் பகுதியில் பெய்த மழையால் அணை நிரம்பி, 33 மதகுகளில் சிலவற்றைத் திறந்துவிட்டார்கள் என்றால், கீழே ஹம்பியில் ஆறு சில மணி நேரத்தில் ஏறிவிடும். 2024 ஆகஸ்டில் 19ஆவது மதகு அடித்துச் செல்லப்பட்ட அணை இதுதான்.

மறுநாள் காலை விரூபாட்சர் கோயில் யானை லட்சுமி ஆற்றில் குளிப்பதைப் பார்க்கப் படித்துறைக்குப் போனேன். யானையை அன்று தண்ணீருக்குள் அதிகம் இறக்கவில்லை. மோட்டார் படகு ஓடிக்கொண்டிருந்ததால், ஏறி அக்கரைக்குப் போய்விட்டேன். அங்கிருந்து ஆட்டோவில் அஞ்சனாத்ரி மலைக்குப் போய், 575 படிகள் ஏறினேன். அனுமன் பிறந்த இடம் இதுவே என்பது அவ்வூரார் நம்பிக்கை. திருமலையும் அந்த உரிமையைக் கோருகிறது. யார் சொல்வது சரியாக இருந்தாலும், மேலிருந்து பார்த்தால் வாழைத் தோட்டங்களும் நெல் வயல்களும் பாறைக் குவியல்களும் அவற்றின் நடுவே ஆறும் தெரியும் காட்சிக்காகவே ஏறலாம். பிறகு ஆனெகுந்தியில் சாப்பிட்டுவிட்டு, நவபிருந்தாவனத்துக்குப் போகலாம் என்று ஆற்றங்கரைக்கு நடந்தேன். மத்வ மரபின் ஒன்பது துறவிகளின் பிருந்தாவனங்கள் உள்ள அந்தத் தீவுக்குப் படகில்தான் போக வேண்டும். அங்கே கும்பகோணத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம், கரையில் நின்றே தீவைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. “படகை நிறுத்திட்டாங்கம்மா, டேம்ல தண்ணி தொறந்துட்டாங்களாம். நீங்க ஹம்பிப் பக்கம் தங்கியிருக்கீங்கன்னா உடனே கிளம்புங்க, அங்கேயும் நிறுத்தியிருப்பாங்க” என்று அந்த வீட்டுப் பெரியவர் சொன்னார்.

அவர் சொன்னபடியே ஆகியிருந்தது. காலையில் இறங்கிய துறைக்கு வந்து சேர்ந்தபோது, படகுகளை மேட்டில் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். பரிசல்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. விரூபாட்சர் கோயில் கோபுரம் எதிரே, கூப்பிடு தூரத்தில் தெரிந்தது; என் பெட்டியும் மாத்திரைகளும் அந்தக் கோபுரத்துக்குப் பின்னால் ஒரு வீட்டு விடுதியில் இருந்தன. நடுவில் பழுப்பு நிறத்தில் ஆறு ஓடியது. எனக்கு இரத்த அழுத்த மாத்திரை இரவில் உண்டு. இருட்டுவதற்கு இன்னும் நேரம் இருந்தாலும், கைபேசியில் சார்ஜ் குறைந்துகொண்டிருந்தது. அந்தக் கரையில் முன்பு வரிசையாக இருந்த தங்கும் விடுதிகள் 2020இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் இடிக்கப்பட்டுவிட்டன. உண்மையைச் சொன்னால், அங்கே ஒரு பாறையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

சாலை வழி இருக்கிறது. ஆற்றின் கீழ்ப்பக்கம் கடெபாகிலு என்னும் ஊரருகே பாலம் கடந்து, புக்கசாகரம், கமலாபுரம் வழியாக ஹம்பிக்கு வர வேண்டும். படகில் சில நிமிடங்களில் கடக்கும் ஆற்றுக்குச் சாலையில் 20 கிலோமீட்டருக்கு மேல் சுற்று. முதலில் கேட்ட ஆட்டோக்காரர் 1,500 என்றார். அடுத்தவர் 900க்கு வந்தார்; அந்த நேரத்தில் அவர் 2,000 கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். வழி நெடுக அவர் ஹிந்தியும் கன்னடமும் கலந்து பேசிக்கொண்டே வந்தார். அப்போதுதான் புரந்தர மண்டபத்தின் கதை எனக்குத் தெரிந்தது. “மண்டபத்துக்குள்ள தண்ணி வந்தாலே நாங்க படகை நம்ப மாட்டோம்” என்பது அவர் சொன்னதன் சாரம்.

ஆகவே ஜூலை முதல் அக்டோபர் வரை ஹம்பி போகிறவர்கள் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். காலையில் படகு ஓடுகிறது என்பதால் மாலையிலும் ஓடும் என்று பொருளல்ல. தங்கும் வீட்டாரிடம் தினமும் காலையில் அணையில் எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட வேண்டும். அந்த ஊரில் இதை எல்லோரும் அறிந்திருப்பார்கள், கேட்டால் சொல்வார்கள், கேட்காமல் யாரும் சொல்வதில்லை. அக்கரையைப் பார்க்கும் நாளில் படகை நம்பாமல், ஹோஸ்பேட்டிலிருந்தோ கமலாபுரத்திலிருந்தோ சாலை வழியாகவே போய்வர ஆட்டோ பேசிக்கொள்வது உத்தமம். வெள்ளம் இல்லாத நாளிலும் படகு இருட்டும் முன் நின்றுவிடும். அன்றாட மாத்திரையும், ஒரு வேளைக்கு மாற்றுத் துணியும், கைபேசிக்குப் பவர் பேங்கும், ரொக்கமாக 2,000 ரூபாயும் எப்போதும் தோள்பையில் இருக்கட்டும்.

ஹம்பியிலிருந்து பாதாமிக்குப் போவது தனிக் கதை. ரயில் இருக்கிறது, ஆனால் நேரம் எனக்கு ஒத்துவரவில்லை. ஹோஸ்பேட்டிலிருந்து கதக் வரை ஒரு பேருந்து, கதக்கிலிருந்து பாதாமிக்கு இன்னொன்று என்று போனேன். பேருந்துகளில் ஊர்ப் பெயர் கன்னடத்தில் மட்டுமே இருக்கும். எண்களைக்கூடப் பல வண்டிகளில் கன்னட எண்களாகவே எழுதியிருக்கிறார்கள். போக வேண்டிய ஊர்களின் பெயர்களைக் கன்னட எழுத்தில் கைபேசியில் பெரிதாகச் சேமித்து வைத்துக்கொண்டால், பலகையோடு ஒப்பிட்டும் பார்க்கலாம், நடத்துநரிடம் காட்டியும் கேட்கலாம். 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டத்தின்படி கர்நாடகப் பெண்களுக்குச் சாதாரண அரசுப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. பிற மாநிலப் பெண்களுக்கு அது கிடையாது. நடத்துநர் என்னிடமும் கட்டணமில்லாச் சீட்டைக் கிழிக்கப் போய், ஆதாரில் தமிழ்நாட்டு முகவரியைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே பணம் வாங்கினார். திட்டத்துக்குப் பின் கூட்டம் அதிகம், அதிலும் காலை வண்டிகளில் நிற்கக்கூட இடமிருப்பதில்லை. பெரிய பெட்டியோடு போகிறவர்கள் பேருந்து புறப்படும் நிலையத்திலேயே ஏறுவது அவசியம். வழியில் ஏற முடியாது. கதக்கில் ஒரு கானாவளியில் சாப்பிட்டேன். உள்ளே சோள ரொட்டியைக் கையால் தட்டும் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது; கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு ரொட்டி, எண்ணெகாயி என்னும் கத்தரிக்காய், நிலக்கடலைப் பொடியில் தயிர். அந்த முழுப் பயணத்தில் எந்தக் கவலையும் இல்லாமல் கழிந்த வேளை அது.

பாதாமியில் நான் முன்பதிவு செய்து பணமும் கட்டியிருந்த விடுதிக்கு மாலை போய்ச் சேர்ந்தேன். வரவேற்பில் இருந்தவர் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். தனியாக வந்திருக்கிறேன் என்றதும், தனிப் பெண்களுக்கு அறை கொடுப்பதில்லை, முதலாளி உத்தரவு என்றார். செயலியில் அப்படி எந்த நிபந்தனையும் இல்லை என்று காட்டினேன். அதையெல்லாம் செயலிக்காரர்களிடம் கேளுங்கள் என்றார். கட்டிய 1,650 ரூபாயைத் திருப்பித் தரும் பேச்சே இல்லை. என் வயதில் ஒரு பெண், ஏதோ குற்றம் செய்தவள்போல் அந்த மேசைக்கு முன்னால் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது பணத்தைவிட அதிகமாக உறுத்தியது. நல்லவேளையாக, மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் மயூரா சாளுக்யாவில் இடம் இருந்தது. அங்கே இப்படி எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. சிறு ஊர்களில் தனியாகத் தங்கப் போகிறவர்கள், ஆணோ பெண்ணோ, பதிவு செய்யும் முன்பே விடுதியைத் தொலைபேசியில் அழைத்து, ஒரே ஆள்தான் வருகிறேன், அறை உண்டா என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிட வேண்டும். பணத்தை அங்கே போய்க் கட்டும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம். ஆதாரின் காகித நகல்கள் நாலைந்து கையில் இருக்கட்டும். கைபேசியில் காட்டினால் சில இடங்களில் ஏற்பதில்லை.

பாதாமியின் குடைவரைகள் நான்கும் ஒரே செம்மணற்கல் மலையில், ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் படியேறிப் பார்க்கும்படி இருக்கின்றன. முதல் குடைவரையின் வாசலிலேயே 18 கைகளோடு ஆடும் சிவன், மூன்றாவதில் 578ஆம் ஆண்டைச் சேர்ந்த சாளுக்கிய மங்களேசனின் கல்வெட்டு, நான்காவது சமணர்களுடையது. இவற்றைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். குரங்குகளைப் பற்றி நான் சொல்கிறேன். படிக்கட்டில் ஏறும்போது என் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. அதில் பிஸ்கட் பொட்டலமும், கண்ணாடிக் கூடும் இருந்தன. பின்னாலிருந்து வந்த குரங்கு ஒரே இழுப்பில் கவரைப் பிடுங்கிக்கொண்டு பாறை மேல் ஏறிவிட்டது. பிஸ்கட்டைப் பிரித்துத் தின்றது. கூட்டைத் திறந்து, கண்ணாடியைக் கடித்துப் பார்த்துவிட்டுக் கீழே எறிந்தது. 3,200 ரூபாய்க் கண்ணாடி. பயணம் முடியும்வரை பெயர்ப் பலகைகளையும் கல்வெட்டு விளக்கங்களையும் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படித்தேன். பாதாமிக் குரங்குகளுக்குக் கவர் என்றாலே சாப்பாடு என்று தெரியும். கையில் எதுவும் வைத்துக்கொள்ளாமல், ஜிப் வைத்த பையை முன்புறமாக மாட்டிக்கொண்டு ஏறுவதே வழி. தண்ணீர் பாட்டிலும் பைக்குள் இருக்கட்டும்.

குடைவரைகளைக் காலையிலேயே முடித்துவிட்டு, ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கும் பூதநாதர் கோயிலை மாலைக்கு வைத்துக்கொள்வது நல்லது. மேற்கு வெயில் ஏரியைத் தாண்டி அதன் முகத்தில் விழும். பாதாமியின் பழைய பெயர் வாதாபி; 642இல் அதைப் பிடித்த நரசிம்மவர்ம பல்லவனின் கல்வெட்டு இந்த ஊர்ப் பாறையில்தான் இருக்கிறது. சிதைந்திருக்கிறது, தேடிப் போகிறவர்கள் அருங்காட்சியகத்தில் கேட்டுக்கொண்டு போகலாம்.

பட்டதக்கலுக்கும் ஐஹொளெக்கும் ஆட்டோ ஒன்றை 1,500 ரூபாய்க்கு ஒரு நாள் பேசினேன். இந்தப் பயணத்தில் முழுமையாகப் பலன் தந்த பணம் அதுதான். பட்டதக்கல் பாதாமியிலிருந்து 22 கிலோமீட்டர், ஐஹொளெ அதற்கும் அப்பால். பெரும்பாலோர் வழியில் வருவதால் பட்டதக்கலை முதலில் பார்க்கிறார்கள். என் ஆட்டோக்காரர் நேராக ஐஹொளெக்குக் கொண்டுபோனார். மேகுட்டி மலையில் வெயில் ஏறும் முன் ஏறிவிட வேண்டும் என்றார். 634ஆம் ஆண்டில் ரவிகீர்த்தி, புலிகேசியின் புகழைப் பாடித் தன்னைக் காளிதாசனுக்கும் பாரவிக்கும் இணையாகச் சொல்லிக்கொண்ட கல்வெட்டு அங்கே சமணக் கோயில் சுவரில் இருக்கிறது. அதன்பின் பட்டதக்கல், திரும்பும் வழியில் ஊற்றுக் குளம் உள்ள மகாகூடம் என்ற வரிசை வெயிலுக்கும் காலுக்கும் ஏற்றதாக இருந்தது. பட்டதக்கல் விரூபாட்சர் கோயிலுக்குள் நுழைந்ததும் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் சாயல் தெரிந்தது. காஞ்சியை வென்ற சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், அந்தக் கோயிலின் செல்வத்தைத் தொடாமல் திருப்பிக் கொடுத்ததாக அங்கேயே கன்னடத்தில் கல்வெட்டு வெட்டிவைத்தான். அவன் அரசி லோகமகாதேவி அந்த வெற்றியின் நினைவாகக் கட்டுவித்ததுதான் இது. காஞ்சிபுரம் கோயிலை முதலில் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு இரண்டு மடங்கு பலன் உண்டு.

திரும்புவதற்குப் பாதாமியிலேயே கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸில் ஏறலாம். ஹோஸ்பேட்டுக்குத் திரும்பி அலைய வேண்டியதில்லை. போவது ஹம்பி எக்ஸ்பிரஸ், வருவது கோல்கும்பஸ் என்று இரண்டு சீட்டையும் முன்பே எடுத்துவிட்டால், நடுவில் உள்ள ஊர்களை ஒரே திசையில் பார்த்துக்கொண்டு போகலாம்.

பணத்தின் நிலை இது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முகவர் மீதும், விடுதிப் பதிவு குறித்தும் புகார் பதிந்தேன். முகவர், ஓட்டுநரே தவறு செய்ததாகப் பதில் அனுப்பியிருக்கிறார். விடுதிப் பணம் இதுவரை வரவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. பணம் செலுத்திய ரசீது, முகவரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள், ஓட்டுநரை அன்று காலை அழைத்ததைக் காட்டும் அழைப்புப் பட்டியல், விடுதி வரவேற்பில் நின்றபோது நேரத்தோடு எடுத்துவைத்த படம் ஆகியவற்றை இணைத்து மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.